விசிறி ஓடுகிறது, படம் வரவில்லை

திங்கட்கிழமை காலை பசியாறிவிட்டு வந்து கணினியின் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. முன்பக்கத்து நீல விளக்கு எரிந்தது. விசைப்பலகையில்கூட வெளிச்சம் வந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'சிக்னல் இல்லை' என்று ஒரு வாசகம் தோன்றியது. அதைச் சொன்ன களைப்பிலோ என்னவோ, திரை தூங்கிப்போனது.

எனக்கு இது பதற்றம் தரும் காட்சியல்ல. பாயான் பாரு தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் பழுதாய்வுப் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் செத்த போர்டுகளை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று அறிக்கை எழுதுவேன். கேண்டீனில் எனக்குப் பிணவறை டாக்டர் என்று பெயர். பிரிவின் செயல்முறைக் கையேட்டில் முக்கால்வாசி நான் எழுதியது. அதை இன்னமும் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்வி. திருத்தியிருப்பார்கள், கெடுத்தும் இருப்பார்கள்.

அந்தக் கையேட்டின்படி எந்த ஆய்வுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக ஓடியதற்கும் இப்போது ஓடாததற்கும் நடுவில் என்ன மாறியது? இந்தக் கேள்விக்கு உற்பத்திப் பகுதியில் எப்போதும் ஒரே பதில்தான் வரும். "யாரும் தொடலை சார்." மேலாளர் முதல் துப்புரவுக்காரர் வரை எல்லாரும் அதையே சொல்வார்கள். செத்த போர்டு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதைச் சுற்றி நின்றவர்கள் உண்மை சொல்லியும் அதிகம் பார்த்ததில்லை.

சமையலறையில் இருந்த மனைவியிடம் கேட்டேன்.

"நேத்து நான் வெளியே போயிருந்தப்ப என் ரூம்ல யாராச்சும் கம்ப்யூட்டரைத் தொட்டாங்களா?"

"யாரு தொடப் போறாங்க? நான் ஒருத்திதானே இருந்தேன். யாரும் தொடலைங்க."

அவளும் அதே தொழிற்பேட்டையில், பக்கத்துத் தொழிற்சாலையில், உற்பத்தி வரிசையில் வேலை பார்த்தவள்தான். அந்தப் பதில் எந்த ஊர்ப் பதில் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கையேட்டில் மனைவிக்கென்று தனி அத்தியாயம் நான் எழுதியிருக்கவில்லை.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவியின் தம்பி காலையிலேயே காடியை ஓட்டிக்கொண்டு வந்து, பாலிக் புலா தோட்டங்களில் டுரியான் பழம் விழ ஆரம்பித்துவிட்டது, வாங்க மச்சான் என்று அழைத்துப்போயிருந்தான். சாதாரணமாக அவன் என்னை எங்கும் அழைத்துப்போகிற ஆளில்லை. தோட்டத்தில் உட்கார்ந்து பழம் தின்றோம். போதும் என்று எழுந்தால், "இருங்க மச்சான், இன்னொண்ணு வெட்டச் சொல்லியிருக்கேன், வீட்ல என்ன அவசரம்?" என்றான். பிறகு ஜாதிக்காய்ச் சாறு குடிக்க ஓர் இடம். பிறகு கடலைப் பார்க்க ஓர் இடம். கடல் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவன் கடலைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம்தான் வீடு திரும்பினோம்.

வந்ததும் என் அறை எனக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். எடுத்ததை அதே கட்டத்துக்குள் வைக்க வேண்டும். வீட்டிலும் என் மேசையில் அப்படி ஒட்டி வைத்திருக்கிறேன். திரைக்கு ஒரு கட்டம், விசைப்பலகைக்கு ஒரு கட்டம், கீழே தரையில் கணினிப் பெட்டிக்கு ஒரு கட்டம். நானே அதைச் சரியாகக் கடைப்பிடிப்பதில்லை. பெட்டி எப்போதும் ஒரு விரல் கோணலாக இருக்கும். அன்று எல்லாம் கோட்டுக்குள் கச்சிதமாக நின்றன. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனைவிக்கு அந்த டேப்பின் மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

இந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே வீடுதான். ஒரு மாடியும் இல்லாத வரிசை வீடு. இரண்டு பேர் சம்பளத்தில் கடன் கட்டி முடித்தோம். பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. எங்கள் ஒரே மகன் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் துறையில்தான் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்று பேச்செடுத்தான். அவனுடைய அடுக்குமாடியில் இன்னோர் அறை இருக்கிறதாம். மருமகளுக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது, அம்மா வந்தால் உதவியாக இருக்கும். எல்லாம் நியாயம்தான். ஆனால் எனக்கு இங்கே காலையில் நடக்க ஒரு பாதை இருக்கிறது. காப்பிக் கடையில் என்னைப்போல் ஓய்வு பெற்ற நாலு பேர் கூடும் மேசை இருக்கிறது. என் மருந்துகள் தெரிந்த கிளினிக் இருக்கிறது. அங்கே போனால் லிப்டுக்காகக் காத்திருக்கிற விருந்தாளி நான். முடியாது என்று சொன்னேன்.

"சரி, அப்பாவுக்கு இஷ்டமில்லன்னா விடுப்பா" என்றாள் மனைவி. விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பிரிவில் ஒரு விஷயத்தை முடித்து வைக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். வீட்டில் நான் அந்த விதியைக் கொண்டுவரவில்லை.

ஆக, திங்கட்கிழமை. முதலில் திரை. மகனின் பழைய மடிக்கணினியை அதில் மாட்டிப் பார்த்தேன், படம் வந்தது. திரைமேல் குற்றமில்லை. அடுத்தது கேபிள். அலமாரியில் புதிது ஒன்று வைத்திருந்தேன். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, பெட்டியின் பின்னால் பழைய கேபிளை உருவி, அதே துளையில் புதியதைத் தடவிச் செருகினேன். பிறகு அழுத்திப் பார்த்தால் விசிறி, நீல விளக்கு, கறுப்பு. கேபிள்மேலும் குற்றமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு என்பது எங்கள் பிரிவில் மந்திரம் மாதிரி. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். அந்த மந்திரப்படி, துளையை நான் மாற்றவில்லை.

மகனுக்குப் போன் செய்தேன். அவனிடம் கேட்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் பிள்ளைகளிடம் எப்போதாவது ஒரு சந்தேகம் கேட்டால் அவர்கள் மனம் குளிரும்.

"ரேமா இருக்கும்பா" என்றான் உடனே. "கழட்டி, ரப்பர் போட்டுத் துடைச்சுட்டு மாட்டிப் பாருங்க."

"கேபிளைப் பார்த்துட்டேன். புதுசு போட்டேன்."



"ஆ... அப்ப கேபிள் இல்ல. கேபிளை விட்டுடுங்க. ரேம்தான். இல்லன்னா மதர்போர்டு பேட்டரி. ஒண்ணு ஒண்ணா பாருங்க, அவசரம் இல்ல."

"கிராஃபிக்ஸ் கார்டு?"

"அதைத் தொடாதீங்கபா. அது விலை அதிகம். நான் சனிக்கிழமை வரேன், நானே பார்க்குறேன்."

மாதத்தில் ஒரு தடவை வருவதற்கே மூக்கால் அழுகிறவன், ஒரு கணினிக்காகச் சனிக்கிழமை வருகிறேன் என்கிறான். எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாசம் என்று நினைத்தேன். அறிவுள்ளவனுக்குப் பாசம் என்று வந்துவிட்டால் அறிவு எங்கே போகிறது என்பதையும் யாராவது அறுத்துப் பார்த்து அறிக்கை எழுதலாம்.

பெட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மின்சார வயரை மட்டும் பிடுங்கிவிட்டு, பக்கத்து மூடியைத் திறந்தேன். மூடியின் திருகாணிகளில் நான் இட்ட சிவப்பு மைக் கோடுகள் உடையாமல் இருந்தன. யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. அதைப் பார்த்து எனக்கு நிம்மதிகூட வந்தது. ரேம் என்கிற நினைவக அட்டைகள் இரண்டையும் கழற்றி, பொன்முலாம் பூசிய விளிம்புகளை அழிரப்பரால் தேய்த்து, ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், மற்றதைப் போட்டுப் பார்த்தேன், இடம் மாற்றிப் பார்த்தேன். விசிறி ஒவ்வொரு தடவையும் உற்சாகமாகச் சுற்றியது.

இந்தச் சமயத்தில்தான் மனைவிக்குத் தேங்காய் மோகம் பிடித்தது.

"என்னங்க, ஒரு தேங்காய் வாங்கிட்டு வாங்களேன்."

வாங்கி வந்து மறுபடி உட்கார்ந்தேன். கடை இரண்டு வீடு தள்ளி இருப்பதால் நான் போய்வர நேரமே எடுக்கவில்லை. மத்தியானம் இன்னொரு தேங்காய் கேட்டாள். மறுநாள் காலை, "ரொம்ப நேரமா குனிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க, கோயிலுக்குப் போய்ட்டு வாங்களேன்" என்றாள். என் பக்தியின் அளவு அவளுக்குத் தெரியும். பிறகு முடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள், அதற்கும் நான் அசையவில்லை. பிறகு மறுபடி தேங்காய்.

"வீட்ல இருக்கறதே போதும்மா, கடை வைக்கப் போறியா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்று திரும்பிக்கொண்டாள்.

அவள் கண் அடிக்கடி என் மேசைக்குப் பின்னால் போய் வந்தது. நான் அவ்வளவு கஷ்டப்படுவது அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைத்தேன். ஒரு வகையில் அதுவும் உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் மதர்போர்டு பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து மாட்டியும் ஆயிற்று. மின்விநியோகப் பெட்டியின் அழுத்தங்களை மீட்டர் வைத்து அளந்தும் ஆயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிற நோயாளி சாவது பழுதாய்வில் கெட்ட அறிகுறி. ஆய்வாளர் எங்கேயோ ஒரு பதிலை நம்பிவிட்டார் என்று அர்த்தம்.

புதன்கிழமை காலை, மகன் தொடாதே என்ற கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்ற முடிவு செய்தேன். அவன் சொன்னான் என்பதற்காகத் தள்ளிப்போட்டதுதான் நான் அந்த ஆய்வில் செய்த ஒரே ஒழுங்கீனம். கார்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதிலிருந்து திரைக்குப் போகும் கேபிளைக் கழற்ற வேண்டும். முறை அதுதான். டார்ச்சை எடுத்து, மேசையைச் சுவரிலிருந்து தள்ளி, தரையில் படுத்து, பின்பக்கம் கையை நீட்டினேன்.

கார்டில் கேபிளே இல்லை.

படம் காட்டும் துளைகள் என் பெட்டியின் பின்னால் இரண்டு இடத்தில் இருக்கின்றன. மேலே இருப்பது மதர்போர்டுக்குச் சொந்தமானது. கீழே படுக்கைவசமாக இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமானது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நான் வாங்கிப் போட்ட பிராசஸருக்குப் படம் காட்டும் திறமை கிடையாது, அதற்காகத்தான் தனியாகக் கார்டு. மேல் துளை வெறும் அலங்காரம். கேபிள் அந்த அலங்காரத்தில் செருகியிருந்தது. இரண்டு நாளாக நான் புதிய கேபிளையும் பழைய கேபிளையும் அதே செத்த துளையில் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உருவிக் கீழே செருகினேன். பொத்தானை அழுத்தினேன். படம் வந்தது.

சாதாரணமாக அந்தக் கணத்தில் ஒரு சந்தோஷம் வரும். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டியவன் நான். கேபிளைக் கார்டில் செருகியவன் நான். அது தானாகக் கழன்று மேல் துளைக்கு ஏறிப்போக வழியில்லை. டார்ச் வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் தூசியே இல்லை. அந்த இடத்தில் பல வருஷத் தூசி இருந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பெருக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தவனே நான்தான். சுவர் ஓரம் துடைத்த ஈரத்தின் கோடு காய்ந்து கிடந்தது. மேசையின் ஒரு காலுக்குக் கீழே தரையில் புதிய கீறல், கதவை நோக்கி.

மேசையை முழுசாக அறைக்கு வெளியே தூக்கிப்போயிருக்கிறார்கள். ஒருத்தியால் ஆகிற காரியமல்ல. பிறகு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் மஞ்சள் கோட்டுக்குள் அணு பிசகாமல் வைக்கத் தெரிந்த ஒருத்தி, வாழ்நாளெல்லாம் வரிசையில் அப்படி வைத்துப் பழகிய ஒருத்தி, முன்னின்று வைத்திருக்கிறாள். டேப் ஒட்டாத பின்பக்கத்தில்தான் கை தடுமாறியிருக்கிறது.

சமையலறைக்குப் போனேன். மனைவி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தேங்காய்க்குக் குறைவில்லை.

"படம் வந்துருச்சு" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "வந்துருச்சா? நல்லது. என்னவாம்?"

"கேபிள் மேல் ஓட்டையில் இருந்துச்சு."

இப்போது கை நின்றது.

"கீழே செருகணும்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது போலிருக்கிறது. தேங்காய் மூடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மேசையை எதுக்கு வெளியே எடுத்தீங்க?"

"படம் எடுக்க."

"என்ன படம்?"

"வீட்டை. ஒரு ஏஜெண்ட் பொம்பளை வந்தாங்க. சின்ன ரூம்ல மேசை இருந்தா அது ஸ்டோர் மாதிரி தெரியுது, கட்டில் போட்டா மூணு பெட்ரூம்னு போடலாம்னு சொன்னாங்க. அவங்களோட ரெண்டு ஆள் வந்தாங்க. அவங்கதான் தூக்குனாங்க."

"கட்டில் ஏது?"

"தம்பி வீட்டுக் கட்டில். காலையில லோரியில வந்துச்சு."

"தம்பிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப டுரியான்?"

"டுரியான் உண்மைதாங்க" என்றாள். "பழம் விழுந்துருந்துச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு, போனில் படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்பது போல நீட்டினாள். என் சன்னல், என் திரைச்சீலை, என் சுவர். மேசை இருந்த இடத்தில் ஒரு கட்டில், அதில் பூப்போட்ட விரிப்பு, இரண்டு தலையணை. வெளிச்சமான, சுத்தமான அறை. நான் அதில் இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. வேலைக்காலத்தில் எத்தனையோ நேர்த்தியான மறைப்பு வேலைகளைப் பார்த்திருக்கிறேன். இது அவற்றோடு வைக்கத்தக்கது.

"நான் முடியாதுன்னு சொன்னேன்ல" என்றேன்.

"சொன்னீங்க. நான் என்ன சொன்னேன்னு கேட்டீங்களா?"

"நீ சரின்னுதானே சொன்ன."

"பையன் முன்னாடி சண்டை வேணாம்னு சொன்னேன். அப்புறம் நாலு தடவை பேச வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏன், எதுக்கு, அதுக்கு ஆதாரம் என்னன்னு கேட்டீங்க. எனக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கணும். அதுக்கு என்னங்க ஆதாரம் வேணும்?"

"அதனால என்னை டுரியான் தோட்டத்துல உட்கார வெச்சுட்டு வீட்டை விப்பியா?"

"விக்கல. விளம்பரம் போட்டு எவ்வளவு பேர் கேட்குறாங்கன்னு பார்க்கலாம்னு. நல்லா வந்தா உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம்."

அந்த 'தோம்' எனக்கு வலித்தது. மகனைப் போனில் பிடித்து, இருவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன்.

"ரேம்னு சொன்னியே."

அவன் புரிந்துகொண்டுவிட்டான். "பா... சும்மா போட்டோ மட்டும்தான் லா. ஒண்ணும் சைன் பண்ணல."

"அது இல்ல என் கேள்வி. கேபிள்னு உனக்குத் தெரியுமா?"

"அம்மா திங்கட்கிழமை காலையிலேயே போன் பண்ணுனாங்க. நான்தான் சொன்னேன், மேல செருகியிருப்பீங்க, அப்பா எழுந்து போறப்ப மாத்திடுங்கன்னு. நீங்க எழுந்து போனாலும் உடனே வந்துடுறீங்க, ராத்திரி ரூமைப் பூட்டிட்டுப் படுத்துடுறீங்க."

"ரெண்டு நாள் ரேமைத் துடைச்சேன்."

"உங்களுக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு..." என்றான். பாதியில் நிறுத்திக்கொண்டான், ஆனால் எனக்குப் போதுமான அளவு சொல்லிவிட்டான்.

மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர்கள் என்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள். இப்போது என்ன கழற்றுகிறார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், எப்போது எழுந்திருப்பார் என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லியிருப்பார்கள். மனைவியின் தம்பியும் ஒரு கை கொடுத்திருப்பான். வீட்டை விற்கும் எண்ணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. எதிர்த்தால் சண்டை போடலாம். என்னை அவர்கள் எதிர்க்கவில்லை, சமாளித்தார்கள்.

சனிக்கிழமை மகன் சொன்னபடி வந்தான். மீன் நன்றாக இருந்தது, தேங்காய்ப்பால் தாராளம். சாப்பிட்டு முடித்ததும், அந்த விளம்பரத்தை எடுத்துவிடு என்று மகனிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, போனில் கட்டைவிரலால் இரண்டு இடத்தில் தட்டினான்.

"எடுத்தாச்சுபா. ஏஜெண்ட்டுக்கும் சொல்லிட்டேன். திருப்தியா?"

"திருப்தி."

"சரி" என்றாள் மனைவி. "வீடு விக்கல. நான் நாளைக்கு இவனோட போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம்னா?"

"பாத்தியா" என்றாள் மகனிடம், என்னைக் காட்டி. அவன் குனிந்துகொண்டான்.

நீங்களும் வாங்க என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன், அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். மறுநாள் காலை பசியாறியதும் கிளம்பினார்கள். அவளுடைய பைகள் அவ்வளவு சீக்கிரம் தயாராக முடியாது. சில நாள் முன்பே தயாராகியிருக்க வேண்டும். இந்தத் தடவை நான் கேட்கவில்லை. காடியில் ஏறி உட்கார்ந்து, மாத்திரை எங்கே இருக்கிறது, கேஸ் எப்போது தீரும் என்று சன்னல் வழியாகச் சொன்னாள். முதுகுக்கு ஒரு தலையணை கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்று மத்தியானத்துக்கு மேல் கேட்டருகே ஒரு இளம் தம்பதி வந்து நின்றார்கள். நம் தமிழ் ஆட்கள்தான். கணவர் கையில் ஒரு குழந்தை.

"அங்கிள், வீடு பார்க்க வந்தோம். ஏஜெண்ட் இன்னிக்கு வரச் சொன்னாங்க."

ஏஜெண்ட் எல்லாருக்கும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆயர் ஈத்தாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள், வெயில் வேறு. உள்ளே விட்டேன்.

அந்தப் பெண் சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரை ஒழுகுமா என்று கேட்டார். பின்பக்கக் குளியலறைக்கு மேலே ஒழுகும், காற்றோடு சாரல் அடித்தால் மட்டும் என்றேன். எந்த ஓடு என்றும் காட்டினேன். சின்ன அறை வாசலில் அந்தப் பெண் நின்றாள்.

"படத்துல இங்க கட்டில் இருந்துச்சே?"

"அது வேற வீட்டுக் கட்டில்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் அங்கிள் விக்கிறீங்க?" என்று அவர் கேட்டார்.

"நான் விக்கல."

"அப்புறம் விளம்பரம்?"

"என் மனைவி போட்டது. எனக்குத் தெரியாம."

அதன்பிறகு அவர்கள் எதையும் திறந்து பார்க்கவில்லை. குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டார்கள். வாசலில் நின்று அந்தப் பெண், "வீடு எங்களுக்குப் பிடிச்சுருந்துச்சு அங்கிள். காத்தோட்டமா இருக்கு" என்றாள், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

எனக்கு அவளைப் பார்க்கக் கோபம் வரவில்லை. அவளுக்கு ஒரு வீடு வேண்டும். என் மனைவிக்கு வேண்டாம்.

"ஒரு நம்பர் தரேன்" என்றேன். "எழுதிக்குங்க. அவங்க நம்பர். வீட்டுல பாதி அவங்களுது, அவங்ககிட்ட பேசுங்க."

"நீங்க விக்கலன்னு சொன்னீங்களே?"

"என் கையெழுத்து இல்லாம ஆகாது. வேணும்னா என்கிட்ட கேட்கச் சொல்லுங்க. நேரா கேட்கச் சொல்லுங்க. மகன் வேணாம், தம்பி வேணாம். அவங்க வாயால என்கிட்ட கேட்கணும். கேட்டாங்கன்னா அப்புறம் பேசலாம்."

"சரி அங்கிள்" என்றார் அவர், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில்.

நான் நம்பரைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் போனில் தட்டினாள். சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை திருப்பிப் படிக்கச் சொன்னேன். படித்தாள், சரியாக இருந்தது. கேட்டைத் தாண்டி, எதிர்வீட்டு மாமர நிழலுக்குப் போனதும் போனைக் காதில் வைத்தாள். நான் உள்ளே போகாமல் நின்றேன். மனைவி எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பெண் தலையை ஆட்டினாள், ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள்.